காலியாக இருந்த இரண்டாவது டிஸ்க்

தேனி பஸ் ஸ்டாண்டு வாசலில் பன்னீர் திராட்சை வண்டியைக் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். நேற்றும் போனேன். வாசனை விடுகிறதா? ரோட்டைத் தாண்டி வந்துவிட்டது.

எனக்கு அது ஒரு லேபின் வாசனை. கம்பம் பக்கம் திராட்சை நோய்களை ஆராய்கிற சின்ன லேப். அங்கே மூன்று கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, தகவல்களைச் சேமிக்கவும் வழி செய்துதர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது எனக்கு மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. கறுப்புத் திரையில் நான் தட்டுவதை யாராவது பார்த்தால் இன்னும் வேகமாகத் தட்டுவேன்.

பார்த்தது செல்வராணி அக்கா, அங்கே ஆராய்ச்சி மாணவி. காமயகவுண்டன்பட்டியில் ஒரு தோட்டத்தின் நாற்பது கொடிகளை வாராவாரம் படமெடுப்பார், இலையில் நோய் எப்படிப் பரவுகிறதென்று. அவருடைய டாக்டர் பட்டமே அந்தப் படங்கள்தான். வரும்போது எனக்கும் ஒரு பை திராட்சை கொண்டுவருவார். பிசுபிசுத்த விரலோடு கீபோர்டைத் தொடுவேன், வெட்கங்கெட்டவன்.

"தம்பி, படமெல்லாம் ரெண்டு எடத்துல இருக்கும்ல?"

"ரெண்டு டிஸ்க்குலயும் இருக்கும்க்கா. கவலையே படாதீக."

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தாலும் இரண்டாவது டிஸ்க் தானாகச் சேர்ந்துகொள்ள ஒரு வரி எழுதவேண்டும். ஒரே ஒரு வரி. டவுன்பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் எழுதலாமென்று கிளம்பினேன். மறந்தே போனேன்.

அந்த வாரமே, முதல் நகல் எடுக்குமுன், கரண்ட் போய் வந்ததில் இரண்டாவது டிஸ்க் சேராமல் நின்றுவிட்டது. நகலெடுப்பது நிற்கவில்லை. ஆனால் எல்லாம் முதல் டிஸ்க்கிலேயே வேறொரு ஃபோல்டரில் போய் விழுந்தது. ஒரே சட்டையின் இரண்டு பைகளில் காசைப் பிரித்துவைத்த கதை.

மூன்றாம் வருஷம் முதல் டிஸ்க் செத்தது. இரண்டாவதைத் திறந்தேன். காலி. உடனே புரிந்துவிட்டது. வாய் மட்டும், "ரெண்டும் ஒண்ணாப் போச்சுக்கா, கரண்டு ஏத்த எறக்கம்" என்றது.

அக்கா செத்த டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மெசினு செத்தா நீங்க என்ன செய்வீக தம்பி? சாப்ட்டீகளா?" என்று திராட்சைப் பையை என் பக்கம் தள்ளினார். தின்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நினைத்தால் இன்றைக்கும் நாக்குக் கூசுகிறது.

மறுபடி எடுக்கலாமென்றால், தோட்டக்காரர் கொடிகளைப் பிடுங்கித் தென்னை வைத்துவிட்டார். அக்கா பட்டத்தை விட்டுவிட்டு கூடலூரில் டீச்சரானார். லேபையும் மூடிவிட்டார்கள்.

போன மாதம் அக்காவிடமிருந்து போன். "எங்க ஸ்கூல் கம்ப்யூட்டருக்கு ஆள் தேடுறாக. நம்பிக்கையான ஆளுன்னு உங்க பேரத்தான் சொல்லிருக்கேன் தம்பி."

"சரிக்கா" என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாற்பது கொடியும் இல்லை, ஒரு படமும் இல்லை. நான் சொன்ன பொய் மட்டும் ஓர் எழுத்துக்கூட அழியாமல் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.