செப்புக் கம்பி போட்டுக் கட்டிய ஜன்னல்

இது நடந்தது. நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் வந்து என் இடது உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கு அந்த ஜன்னலைக் கட்டிவைத்தது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மோட்டார்களுக்குக் காயில் கட்டிப் பிழைக்கிற நானேதான். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சுருள் செப்புக் கம்பி கிடக்கும். கழன்றது, ஆடுவது, தானாகத் திறந்துகொள்வது, எதைக் கண்டாலும் என் கை சும்மா இருக்காது. ஒருமுறை மாமனாரின் மூக்குக்கண்ணாடியைக் கூடக் கம்பி சுற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் என்னை நேராகப் பார்ப்பதே இல்லை. கண்ணாடி அப்படி.

என் மனைவிக்கு ராணுவ முகாமில் வேலை. துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. சீருடை தைக்கிற பிரிவில் காஜா எடுக்கிறாள். தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய்வந்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. முகாமை ஒட்டியே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று தேட ஆரம்பித்தோம்.

பெரிய வாசல் பக்கம் பார்த்தோம். விடிவதற்குள் லாரிகள் உறுமத் தொடங்கிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், விலையைக் கேட்டதும் எனக்கே மூச்சு நின்றுவிட்டது. விமானங்கள் இறங்குகிற பக்கம் பார்த்தோம். தலைக்கு மேல் ஒன்று போனபோது அந்த வீட்டுக்காரர் வாயை அசைத்துக்கொண்டே இருந்தார். வீட்டைப் பற்றி நல்லதாகத்தான் ஏதோ சொல்லியிருப்பார்.

மூன்றாவதாகக் காட்டியதுதான், பீரங்கிப் பயிற்சித் திடலுக்குப் பின்னால் இருந்த தெரு. நல்ல வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், சுவரில் விரிசல் இல்லை. விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு.

"ஏங்க இவ்வளவு கம்மி?" என்று தரகரைக் கேட்டேன்.

"உங்க அதிர்ஷ்டம் சார். பிரச்னையே இல்ல."

அந்த மனிதர் எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். குழாயில் தண்ணீர் வருமா? பிரச்னையே இல்ல. பீரங்கிச் சத்தம்? பிரச்னையே இல்ல. நாங்கள் அவருக்கு 'பிரச்னையில்லை' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

"செருப்பு வாங்கினாக்கூடப் போட்டு நடந்து பாக்குறோம். ஒரு ராத்திரி அங்க தங்கிப் பாத்துட்டு முன்பணம் கொடுப்போம்" என்றாள் மனைவி. அவளுக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட். முடிந்ததும் நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. நானும் என் ஏழு வயது மகள் வாண்டுவும், பாயும் தலையணையுமாக மாலை நான்கு மணிக்கு அந்தத் தெருவில் போய் இறங்கினோம்.

தெருவில் எல்லா வீட்டிலும் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. கொசு மொய்க்கிற இடம். ஒருவர்கூடச் சாத்தவில்லை.

எதிர்வீட்டில் ஓர் அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு வெளியே வந்தார்.

"பொண்ணா? உங்களோடதானே தங்கப் போறா?"

"வேற எங்கக்கா விடுறது? வாங்கிக்கிறீங்களா? நிறைய கேள்வி கேப்பா, பரவாயில்லையா?"

அக்கா சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் சிரித்தார். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, வாண்டுவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். நல்ல ஜனங்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குத் திடலில் சிவப்புக் கொடி ஏறியது. சங்கு மூன்று முறை ஊதியது. அக்கா இங்கே திரும்பி, "ஜன்னலைத் தொறந்து வைங்க தம்பி. சாத்தியிருந்தா அதிர்ச்சியில கண்ணாடி தெறிச்சிடும்" என்று குரல் கொடுத்தார். திறந்துவைத்தேன். சற்று நேரத்தில், தூரத்தில்... தும். தும். தரை லேசாக நடுங்கியது. வாண்டு கைதட்டினாள். அரை மணியில் எல்லாம் முடிந்தது. கொடி இறங்கியது.

"இனிமே இன்னைக்குக் கிடையாது. திடல் வாசல் பலகையிலயே நேரம் போட்டிருப்பாங்க" என்றார் அக்கா.

அதற்கப்புறம் ஒன்று நடந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாக ஜன்னலைச் சாத்தத் தொடங்கினார்கள். டக்... டக்... டக். அவசரமே இல்லை. சாத்திவிட்டு, ஒவ்வொருவரும் எங்கள் வீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

வாண்டுவுக்கு நல்ல சளி. ஆறரைக்கெல்லாம் தூங்கிவிட்டாள். பின் அறையில், திடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தேன். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

பேய் என்றால் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும். என் கடிகாரத்தில் அப்போது ஏழேகால்தான்.

க்ரீச்.

போய்ப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. கொக்கி சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி சாத்தினேன். கூடத்துக்குத் திரும்பினால், அங்கே இருந்த ஜன்னலும் திறந்திருந்தது. அதையும் சாத்தினேன். சமையலறையில் க்ரீச்.

காற்றே இல்லை. வாசலில் நின்ற செடியில் ஓர் இலைகூட ஆடவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தச்சன் மேல், வீட்டுக்காரர் மேல், 'பிரச்னையில்லை' மேல். குழந்தைக்கு மூக்கு அடைத்திருக்கிறது, பனி வேறு இறங்குகிறது. நான் பையிலிருந்து செப்புக் கம்பியை எடுத்தேன். பின் அறை ஜன்னலின் இரண்டு கதவுக்கும் கைப்பிடியோடு சேர்த்துச் சுற்றி, முறுக்கி, குறடு போட்டு இறுக்கினேன். மற்ற ஜன்னல்களுக்கும் அதே வைத்தியம். "இப்பத் தொறடா பாப்போம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

யாரிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

கூடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

ங்ங்ங்...

எனக்குப் பழகிய சத்தம் அது. கம்பியை அளவுக்கு மீறி இழுத்தால் அப்படித்தான் முனகும். இருபது வருடமாகக் கேட்கிற காது, ஏமாறாது. யாரோ கம்பியை இழுக்கிறார்கள்.

எழுந்து ஓடினேன்.

ஜன்னலில் யாரும் இல்லை. வெளியேயும் இல்லை. ஆனால் கம்பி விறைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு அது. உள்ளே நின்று தள்ளினால்தான் கம்பி அப்படி விறைக்கும்.

உள்ளே நின்று.

நான் நின்ற அதே அறையில்.

வேறு எவனாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பிடியைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். போட்டிக்கு.

என்னை எதிர்த்துத் தள்ளியதற்கு... பலம் அதிகம் இல்லை. சின்னப் பலம். ஆனால் விடவே இல்லை. அழுதுகொண்டே தள்ளுவதுபோல், விட்டு விட்டு, விட்டு விட்டு...

பிறகு, சட்டென்று நின்றது.

ஸ்ஸ்ர்ர்ர்...

தரையில். என் காலுக்குப் பின்னால்.

திரும்பினேன்.

பாய் நகர்ந்துகொண்டிருந்தது.

வாண்டு அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். அசையவே இல்லை. பாயின் ஒரு முனை மட்டும் தூக்கினாற்போல், யாரோ இரண்டு கையாலும் பிடித்ததுபோல்...

கதவுப் பக்கமாகப் போனது.

நின்று நின்று. மூச்சு வாங்குகிற மாதிரி.

ஜன்னலை விட்டேன். பாய்ந்து குனிந்தேன்.

தும்.

கண்ணாடி முழுவதும் என் முதுகுக்கு மேலே பறந்தது.

குனியாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஒரு துண்டு மட்டும் உள்ளங்கையில் செருகி நின்றது. பாய் இருந்த இடத்தில், என் மகளின் தலை இருந்த இடத்தில், தலையணையைக் கிழித்துக்கொண்டு குத்திட்டு நின்ற துண்டுகளை நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

வாண்டு கண்ணைத் திறந்து, "விடிஞ்சிடுச்சா அப்பா?" என்றாள்.

இந்த முறை சங்கு ஊதவில்லை. கொடி ஏறவில்லை. தெரு முழுக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. எல்லோரும் வெளியே வந்து கூட்டினார்கள். யாரும் கத்தவில்லை. கூட்டிக்கொண்டே என் வீட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். அறுந்து தொங்கிய செப்புக் கம்பியைப் பார்த்தார்கள். அக்கா வந்து ஒரு வெள்ளைத் துணியால் என் கையைக் கட்டினார்.

"இந்த வீட்டுல என்னக்கா இருக்கு?"

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி."

மறுநாள் காலையில் முகாம் வாசலில் புகார் வாங்குகிற அறைக்குப் போனேன். அங்கே ஒருவர் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அஞ்சரைக்கு மேல நாங்க சுடவே இல்லையே."

தையல் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அடுப்பு ஏதாவது வெடிச்சிருக்கும்."

"வீட்டுல அடுப்பே இல்ல சார்."

"அப்ப இடி."

"தெரு மொத்தத்துக்குமா? வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு சார்."

"அதுக்கு நாங்க பொறுப்பில்லைங்க" என்று சொல்லி ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார். என் பிள்ளையின் கழுத்து வரைக்கும் வந்துவிட்டுப் போயிருக்கிறது சாவு. அதை இந்த ஆள் ரொட்டியோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டார். அன்றைக்கு அவர் மேசையைக் கவிழ்க்காமல் வந்தேனே, அதற்கு ஒரே காரணம் என் மனைவி அதே முகாமில் காஜா எடுக்கிறாள் என்பதுதான். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

தரகருக்குப் போன் செய்தேன். "பிரச்னையே இல்ல சார், கண்ணாடிச் செலவு ஓனரோடது" என்றார். "அந்த வீட்டுல யார் செத்தது?" என்றேன். "வீடுன்னா நாலு பேர் வருவாங்க, போவாங்க" என்றார். நான் பதிலுக்குச் சொன்னதை அச்சில் போட மாட்டார்கள்.

மனைவி கிழிந்த தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அந்தத் தெருவுல யாருக்காவது உண்மை தெரியும். கேட்டுட்டு வாங்க. கேக்காம வராதீங்க" என்றாள்.

போனேன். எதிர்வீட்டு அக்கா ராணுவச் சட்டை ஒன்றுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் சட்டங்களில் கண்ணாடி இல்லை. உள்ளே தொட்டிலில் ஒரு கைக்குழந்தை. அதன் நெற்றியில் பிளாஸ்திரி.

வாசல்வரை கொண்டுவந்த கோபமெல்லாம் அந்தப் பிளாஸ்திரியைக் கண்டதும் தடுமாறியது. அது நேற்று வந்த காயம். நான் கம்பி கட்டியதால் வந்த காயம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"சொல்லுங்கக்கா. சுத்தி வளைக்காம சொல்லுங்க."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தார்.

"அந்த வீட்டுல ஒரு பொண்ணு இருந்தா. ஒம்பது வயசு. சங்கு ஊதாம சுட்டாங்க ஒரு நாள். ஜன்னல் சாத்தியிருந்துச்சு, அவ பக்கத்துல உக்காந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. அன்னைக்கும் சுடவே இல்லைன்னுதான் சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் சங்கு ஊதாம சுடப்போற நாள்லயெல்லாம் அந்த வீட்டு ஜன்னல் முன்னாடியே தொறந்துக்கும். அதைப் பாத்து நாங்களும் தொறந்துடுவோம். எப்படின்னு கேக்காதீங்க. தெரியாது. மனு போட்டோம், வாசல்ல போய் உக்காந்தோம், ஒண்ணும் நடக்கல. அவ ஒருத்திதான் எங்களுக்குச் சங்கு."

"அப்ப வீடு பாட்டுக்கு இருக்கட்டுமே. எதுக்கு எங்க தலையில கட்டப் பாத்தீங்க?"

அக்கா தொட்டிலைப் பார்த்தார்.

"காலியா இருந்தா தொறக்காது தம்பி. பெரியவங்க மட்டும் இருந்தாலும் தொறக்காது. உள்ள ஒரு கொழந்தை இருக்கணும். போன குடும்பம் காலி பண்ணிட்டுப் போய் மூணு மாசம். மூணு மாசமா ராவும் பகலும் ஜன்னலைத் தொறந்து போட்டு, கொசுக்கடியில கெடந்தோம். நேத்து உங்க பொண்ணைப் பாத்ததும்தான் சாத்தினோம்."

தொட்டில் தானாக ஆடி நின்றது.

"விலையைக் குறைக்கச் சொன்னது?"

"நாங்கதான். தெருவே போய் ஓனர்கிட்டப் பேசினோம்."

"நாங்க வாங்கலக்கா."

"தெரியும்."

படியிறங்கினேன். திரும்பி நின்று கேட்டேன்.

"உங்க பிள்ளைங்க பிழைக்கணும்னு என் பொண்ணை அந்த ஜன்னலுக்கு அடியில தூங்கவைக்கப் பாத்தீங்க. அதானேக்கா?"

அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. இரண்டு நாளில் முதல் முறையாக ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"ஆமா."