'அங்குட்டு யாரு?' என்று கேட்டுவிட்டுச் சுட்டவர்

செய்தி போனில் வந்தது. கடலைக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வரப்பில் நின்றிருந்தேன். பழைய மாணவன் ஒருவன் அழைத்து, "சார், நம்ம டீச்சர் செத்துப் போனாக சார். கரண்டு அடிச்சிருச்சு" என்றான். எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ ஆசிரியைகள் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒக்கூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 'நம்ம டீச்சர்' என்றால் சண்முகவள்ளி ஒருவர்தான். உடற்பயிற்சி ஆசிரியை, பெண்கள் என்.சி.சி.யை நடத்தியவர், ஓய்வுக்குப் பிறகு கணவர் விட்டுப்போன நிலத்தில் கடலையும் கரும்பும் போட்டவர்.

கரண்டு என்றதும் கிணற்று மோட்டாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். மோட்டார் அறை பூட்டியபடியே இருந்தது. அதுவரைக்கும் அவர் போகவே இல்லை. அதற்கு முன்னாலேயே, நடைபாதையை ஒட்டி முழங்கால் உயரத்தில் ஒரு கட்டுக்கம்பி ஓடியது. பன்றிக்குக் கட்டிய மின்வேலி. அதன் பக்கத்தில் அவருடைய ஒரு செருப்பு கிடந்தது.

நான் சாந்தமாக எழுதக்கூடிய ஆள் இல்லை. அவருடன் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இருந்தவன், பக்கத்து நிலத்துக்காரன். அஞ்சலி என்று கேட்டார்கள், எழுதுகிறேன். ஆனால் அவரை அறிந்த உங்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் நடந்த படத்திறப்பில், டீச்சரின் பெயரால் ஒரு தீர்மானம் போட்டார்கள். காட்டுப்பன்றியை ஒழிக்க விவசாயிகள் எல்லாருக்கும் ரைஃபிள் லைசென்ஸ் கொடுக்க வேண்டுமாம். எந்த ரைஃபிள் இந்த வயல்களுக்குள் வரக்கூடாது என்று அவர் ஊர் முழுக்கச் சண்டை போட்டாரோ, அதே ரைஃபிளை அவர் படத்துக்கு மாலை போட்டுக் கேட்டிருக்கிறார்கள். இதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

அவர் துப்பாக்கி வாங்கிய கதையைச் சொல்கிறேன். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கேட்டு நடையாய் நடந்து வாங்கிவிட்டார். மதுரைக்குக் கடைக்குப் போகும்போது துணைக்கு என்னைக் கூப்பிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார். பன்றிதானே, 'த்ரீ ஃபிஃப்டீன்' ரைஃபிள் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே தோட்டா போதும் என்றார். டீச்சர் குறுக்கே புகுந்து, "துப்பாக்கி எனக்கு. எங்கிட்டப் பேசுங்க" என்றார். கடைக்காரர் சுதாரித்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, என்னத்தச் சுடப் போறீக?" என்று கேட்டார்.

"என்னத்தச் சுடப்போறேங்கிறது இருக்கட்டும். எதுல படக்கூடாதுன்னு சொல்றேன், அதுக்குத் தக்கனக் குடுங்க. ஒரு பக்கம் களை எடுக்கிற பொம்பளையாளுக. இன்னொரு பக்கம் தார் ரோடு, அதுல திருக்கோஷ்டியூருக்கு நடந்து போறவுக. எங்க நெலம் தட்டுக் கெணக்கா இருக்கும், குண்டைத் தடுக்க ஒரு மேடு கெடையாது. உங்க ரைஃபிள் குண்டு பன்னியத் தாண்டிப் போயி எங்க நிக்கும்? சொல்லுங்க பாப்போம்."

டீச்சர் ஒற்றைக் குழல் டுவெல்வ் போர் எடுத்தார். அதன் தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகள் கிட்டத்தில் வேலை செய்யும், எட்டப் போகப் போக வலுவிழந்து விழுந்துவிடும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, "எட்டப் போகாததுதான் சார் நமக்கு நல்ல துப்பாக்கி" என்றார்.

அப்படியானால் சின்ன ரைஃபிள் போதுமே என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். நெற்குப்பையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பெரிய வீட்டுக்காரர், அவருடைய அப்பச்சி காலத்து பாயிண்ட் டூ டூ ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். என்.சி.சி. பிள்ளைகள் அட்டையில் சுட்டுப் பழகுகிற அதே சின்னத் தோட்டாதான். கரும்புக்குள்ளிருந்து வந்த பன்றியைச் சுட்டார், பட்டது, பன்றி விழவில்லை. ரத்தம் ஒழுகக் கருவேலங்காட்டுக்குள் புகுந்துவிட்டது. அவர் போட்டோ எடுத்துக்கொண்டு கார் ஏறிவிட்டார். அடிபட்ட பன்றி எதிரே வருகிற ஆளைக் கிழிக்கும். அந்தக் காட்டுக்குத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் விறகுக்குப் போகிறார்கள். பகல் முழுக்க டீச்சர் அந்தப் பாதையில் துப்பாக்கியோடு நின்று, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். வனத்துறை ஆட்கள் வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். மறுநாள் அந்தக் கார்க்காரருக்குப் போன் போட்டு அவர் விட்ட டோஸை இங்கே அச்சில் போட முடியாது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊரே கேலி செய்யும். துப்பாக்கியைத் தூக்கியதும், என்.சி.சி. மைதானத்தில் கத்துகிற அதே குரலில், "அங்குட்டு யாரு?" என்று ஒரு சத்தம் போடுவார். பதில் வராது என்று உறுதியான பிறகுதான் விசையில் விரல் போகும். அதற்குள் பன்றி பாதி வயலைத் தாண்டியிருக்கும். பெரும்பாலும் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்துவிட்டு வந்துவிடுவார். நானே கிண்டல் செய்திருக்கிறேன். "பன்னிக்குச் சொல்லி அனுப்பிட்டுல்ல சுடுறீக" என்றேன். "ஓடட்டுமே. வெரட்டத்தானே சார் வந்தோம்?" என்றார்.

மாணிக்கத்துக்கு இது பிடிக்கவில்லை. மாணிக்கம் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத் தலைவர், டீச்சர் நிலத்தை ஒட்டிய கீழ்க்காட்டுக்குச் சொந்தக்காரர். சங்கக் கூட்டத்தில், "டீச்சர் வெரட்டுற பன்னி பூராம் எங்காட்டுல வந்து படுக்குது. எல்லாருக்கும் ரைஃபிள் கேப்போம்" என்றார். டீச்சர் எழுந்து, "மாணிக்கம், நீங்க ராத்திரியில கண்ணாடி போடாம எதுக்க வர்ற மாட்டையே கண்டுபிடிக்க மாட்டீக. உங்க கையில ரைஃபிளா?" என்றார். கூட்டம் சிரித்தது. மாணிக்கம் சிரிக்கவில்லை. அவருக்கும் பன்றியால் நஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்கும்தான். ஒரே இரவில் கடலைக் காட்டை உழுது போட்டமாதிரி ஆக்கிவிட்டுப் போயிருக்கிறது. வயிறு எரியும். ஆனால் வயிறு எரிகிறது என்பதற்காக நடைபாதையில் கரண்டு விடுவார்களா?

தேர்தல் வந்தது. வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். டீச்சர் தன்னுடையதை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது அங்கே கிடந்த நாட்களில்தான் கீழ்க்காட்டில் கம்பி முளைத்தது. டீச்சர் ஒரு தடவை அதை அறுத்து எறிந்தார், மாணிக்கத்தின் வீட்டு வாசலுக்கே போய்ச் சத்தம் போட்டார். "இனிமே கட்ட மாட்டோம் டீச்சர், போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார் மனுஷன். அந்தச் சொல்லை நம்பித்தான் அன்று விடிகாலையில் அவர் அந்தப் பாதையில் நடந்தார்.

இப்போது கம்பியைக் கட்டிய கூலியாள் வீரையா ஜெயிலில் இருக்கிறான். கட்டச் சொன்னவர் படத்திறப்பு மேடையில் இருந்தார். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸிலும் கைகூப்பிக்கொண்டு அவர்தான் நிற்கிறார். அந்த மேடையில் அவர் பேசியதை என் காதால் கேட்டேன். "ஊருக்கெல்லாம் ரைஃபிள் இருந்திருந்தா கம்பி எதுக்குக் கட்டப்போறாக? நம்ம டீச்சர் உயிரு எதுக்குப் போகப்போகுது?" என்றார். கைதட்டினார்கள். தட்டியவர்களில் டீச்சரிடம் படித்தவர்களும் உண்டு. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

நான் எழுந்துவிட்டேன். மைக் கேட்டேன், தரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த டீச்சரின் மகள் என் பக்கத்தில் வந்து நின்று, "சார் பேசட்டும். எங்கம்மா பேரைத் தீர்மானத்துல போடணும்னா, சார் சொல்றதக் கேட்டுட்டுப் போடுங்க" என்றாள். மைக் இல்லாமலே பேசினேன். மதுரைக் கடையில் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் பெயரை எடுத்துவிட்டு உங்களுக்கு எந்த ரைஃபிள் வேண்டுமோ கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். எடுக்கவில்லை. தீர்மானம் அவர் பெயரோடுதான் போயிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அது அவர் கேட்டதில்லை. படித்தவர்கள், பழகியவர்கள், யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

அவருடைய துப்பாக்கி இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. மகளுக்கு அது வேண்டாமாம். எனக்கும் வேண்டாம். நான் எடுத்துக்கொண்டது அவர் போட்ட அந்தச் சத்தத்தைத்தான். இப்போது மோட்டார் சுவிட்சில் கை வைக்கும்போதுகூட வாய் தானாக, "அங்குட்டு யாரு?" என்று கேட்டுவிடுகிறது. வேலைக்கு வருகிற பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அன்றைக்கு விடிகாலையில் கம்பியில் கரண்டை விடும் முன்னால், கீழ்க்காட்டிலிருந்து ஒரே ஒரு தடவை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் போதும். பாதையில் வந்துகொண்டிருந்தவர், "நாந்தேன், டீச்சரு" என்று சொல்லியிருப்பார்.