நான் சொல்லவைத்த சத்தியம்

என் மகன் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்று தெரியவந்தபோது நான் யாரிடமும் போய் அழவில்லை. வடக்கனந்தல் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பேர் உண்டு. கல்வராயன் மலையில் ஓர் அம்மன் கோயிலில் குடிகாரர்களிடம் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டுவார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

ஊசி போடமாட்டேன் என்று சொன்னால் போதும் என்றார் பூசாரி. நான் விடவில்லை. தலைவலி, கால்வலி என்று சாக்குச் சொல்லி மறுபடி மருந்துக்கடைக்குப் போய் நிற்பானே. மாத்திரை என்று எதையும் தொடமாட்டேன், தொட்டால் என் அம்மா உயிர் போகட்டும் என்று கற்பூரத்தை அடித்துச் சொல்லவைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

அவனும் நிறுத்தினான். கை கால் நடுங்கி, வாந்தியெடுத்துக் கிடந்து எழுந்தான். காய்ச்சல் மட்டும் விடவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள். கூட்டாளிகளோடு ஒரே ஊசியைப் போட்டுக்கொண்டதில் வந்தது. தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் விடாமல் போட்டால் பயமில்லை என்று நர்ஸம்மா டப்பாவைக் கொடுத்தது.

வீட்டில் மாத்திரையை நீட்டினேன். கயிற்றைக் காட்டினான்.

"அது வேற மாத்திர, இது வேறடா."

"எதையும்னு நீதான சொல்லச் சொன்ன? உன் உசுர வெச்சிச் சொல்லிக்கீறேன்."

"எனக்கு இன்னா, வயசாச்சி. போனா போவட்டும்."

"அதுக்கு வேற ஆளப் பாரு" என்று சிரித்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தனியாக மலைக்குப் பஸ் ஏறினேன். சத்தியம் செய்தவனே வந்து கயிற்றை அவிழ்த்தால் குற்றமில்லை என்றார் பூசாரி. திரும்பி வந்து சொன்னேன். மகன் கயிற்றை மறு கையால் பொத்திக்கொண்டான்.

"இத்த அவுத்தா திரும்பவும் ஊசிக்குப் போய்டுவேம்மா. இதான் என்னப் புடிச்சிக்கினு கீது."

மறுநாள் மாத்திரையைப் பொடித்துக் கூழில் கலந்தேன். ஒரு வாய் குடித்தவன் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அன்றிலிருந்து நான் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிடுகிறான்.

மாசம் முடிந்து நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஒழுங்காகப் போடுகிறாரா என்று நர்ஸம்மா கேட்டது. என் பிள்ளை என் பேச்சைக் கேட்கவில்லை என்று இன்னொருத்தியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடுகிறான் என்றேன். நல்லா பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அது புது டப்பாவைக் கொடுத்தது.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அவன் வாசல் வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான்.