துணியோடு ஒரு முழுக்கு

டைப் அடித்துக்கொண்டே, அடிக்கிற விஷயத்தோடு சண்டையும் போடுவாள் அமிர்தவல்லி. "இன்னாய்யா அநியாயம் இது!" என்று கம்ப்யூட்டரைத் திட்டினால், ஏதோ பட்டா மனுவில் தம்பி அண்ணனை ஏமாற்றியிருக்கிறான் என்று அர்த்தம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடை. மனு, பயோடேட்டா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அந்த விரல்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

போன ஆடியில் ஆராய்ச்சி மாணவி ஷோபனா ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தாள். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவதைப் பழங்கால உலகம் எப்படிப் பார்த்தது என்பது தலைப்பு. முதல் பக்கத்தை அமிர்தவல்லி இரண்டு தடவை படித்தாள். சென்னையில் ஸ்ரீஹரியோடுதான் வாழப்போவதாக மகன் ஆதவன் சொன்ன நாளிலிருந்து, மூன்று வருஷமாக அவனோடு பேச்சில்லை. "காலங்காலமா இல்லாத கூத்து" என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

காகிதம் வேறு கதை சொன்னது. கிரேக்கத்தில் விருந்துக்கு நடுவே அதைப் புகழ்ந்து பேசினார்களாம். ரோமில் யார் எஜமான், யார் அடிமை என்றுதான் பார்த்தார்களாம். நம் பழைய சட்ட நூலொன்றிலோ, ஆணோடு ஆண் கூடினால் உடுத்த துணியோடு குளிப்பதே பரிகாரம்.

"மெய்யாலுமா ஷோபனா?"

"ஆமாக்கா. ஆனா எல்லாருக்கும் அப்டி இல்ல. பொம்பளைங்கன்னா வெரலையே வெட்டச் சொல்லுது."

"வெட்டுவானுங்க!" என்று அந்த நூலையும் ஒரு பிடி பிடித்தாள். பிறகு, "துணியோட ஒரு முழுக்கு! அதுக்கா பெத்த புள்ள கொரலைக் கேக்காம மூணு வருஷம் கெடந்தேன்?" என்று சிரித்தவள், சிரித்த வாயோடு அழுதாள்.

அன்றே போன் போட்டாள். "சாப்டியா?" என்றுதான் கேட்டாள்.

"சாப்ட்டேம்மா. அவனும் சாப்ட்டான்."

இப்போதெல்லாம் பனமலைக் கோயிலுக்குப் போனால் முதல் அர்ச்சனை ஷோபனா பேருக்குத்தான். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். அது படிச்ச படிப்புல எம்புள்ள எனக்குக் கெடச்சான்" என்று ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிவிடுகிறாள்.

தொண்டூரில் வீடு கட்டி முடித்தாயிற்று. புதுமனை புகுவிழாப் பத்திரிகையை அவளே அடித்தாள். அழைப்பவர் வரிசையில், ரஞ்சனி – அன்புமணி என்று மகளும் மருமகனும் ஒரு வரி. அடுத்த வரியில் ஆதவன் – ஸ்ரீஹரி.

"போன்ல பேசறது வேற. இது ஊர் பூரா போவுது" என்றார் பின்னால் நின்ற கணவர் விநாயகம்.

"ரெண்டு பேரையும் கூப்ட்டாத்தான் வருவேன்றான். அவன் இல்லாம இன்னா புது வீடு?"

அச்சான முதல் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். உறையின் மேல் 'சம்பந்தி' என்று போட்டு, அதன் கீழே ஸ்ரீஹரியின் அப்பா, அம்மா பெயர்களை நிதானமாகக் கையால் எழுதினாள்.