காப்பிலி எண்டால் ஆர்?

பலெர்மோ வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு முக்கிய அறிவித்தல்: இண்டைக்கு லிபெர்த்தா வீதி பஸ்ஸிலை எனக்கு இருக்க இடம் கிடைச்சது.

மடியிலை ஒரு புத்தகம். அமெரிக்காவிலை சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடின முதல் கறுப்பர்களிலை ஒராளின்ரை கதை. அணிக்கே அறை குடுத்த ஹோட்டல், அவருக்கு மட்டும் இல்லை எண்டிருக்கு.

பக்கத்திலை எங்கடை கடைக்கார மாமா. முன்னுக்கிருந்த இத்தாலிக் கிழவி அவரைப் பார்த்து "துர்க்கு" எண்டு முணுமுணுத்து, கைப்பையை இழுத்து அணைச்சா. இஞ்சை கறுத்த ஆக்கள் எல்லாரும் துருக்கியர்தான்.

"இதுகளும் மனிசரோ?" எண்டு மாமா பொருமினார். உடனையே என்ரை புத்தக அட்டையைப் பார்த்து, "என்னடா, காப்பிலியின்ரை படத்தைக் காவிக்கொண்டு திரியிறாய்?" எண்டார்.

கறுப்பரை இழிவாய்ச் சொல்ல எங்கடை ஆக்கள் வைச்சிருக்கிற அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு அருவருத்துப் போச்சு.

"காப்பிலி எண்டால் காப்பு இல்லாதவன், மாமா. அண்டைக்கு அந்தாளைக் காக்க ஆரும் இல்லை. இண்டைக்கு உங்களைக் காக்கவும் இல்லை. அப்ப இந்த பஸ்ஸிலை காப்பிலி ஆர்?" எண்டன்.

சரி, இந்தப் பதில் வீட்டை வந்து யோசிச்சது. உங்களிலை ஆருக்காவது பஸ்ஸிலையே பதில் வாறதோ?

எனக்கு அங்கை வந்தது, "ஓம் மாமா, பள்ளிக்கூட வேலை."

அட்டையையும் கவிட்டு வைச்சிட்டன்.