என் மகளின் சடை

என் மகளுக்கு முப்பது வயதாகிறது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு எல்லாம் மெதுவாகத்தான். மனசு வந்தால் இரண்டு வார்த்தை பேசுவாள். திண்டிவனத்தில் இவளைப் போன்ற பெண்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் இருக்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் ஊர் காணையிலிருந்து விழுப்புரம் போய், பஸ் மாறி, அங்கே போய் நிற்பேன். பையில் வேகவைத்த மல்லாட்டையும் எண்ணெய்ப் புட்டியும் இருக்கும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அவள் வாய்க்கு, எண்ணெய் தலைக்கு.

இடுப்பைத் தாண்டிய முடி. எங்கள் வம்சத்து முடி. பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தால், பஸ்ஸில் எவளாவது "சவுரியா?" என்று கேட்காமல் இருக்கமாட்டாள். "இழுத்துப் பாரு" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், வாசலில் ஒரு நாற்காலி. பக்கத்தில் பார்லர் பெண் கையில் மெஷினோடு நிற்கிறாள். முதலில் உட்கார்ந்த பெண்ணின் தலை உரித்த தேங்காய் ஆகிவிட்டது. மற்றவர்கள் வரிசையில். என் மகளும் வரிசையில்.

வார்டன் புதிதாக வந்தவள், சின்ன வயது. "எந்த சாமிக்கும்மா வேண்டிக்கினீங்க?" என்றேன்.

"சாமியா? பேனும்மா! எல்லாருக்கும் ஒட்ட வெட்டிட்டா ஆயாவுங்களுக்கும் சீவற பேஜாரு இல்ல."

"அப்ப ஆயாவுங்களுக்கு வெட்டுங்க."

பின்னால் நின்ற ஆயா சிரித்தாள். சிரித்துவிட்டு, தன் கொண்டையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீங்க சரின்னு சொன்னா போதும்மா. இதுங்களுக்கு என்னா தெரியும்?"

"இதுங்களா? மாடா, ஆடா? தல அவளுது, அவளைக் கேளுங்க. ஒவ்வொருத்தியையும் கேளுங்க. பேச்சு வராதவ தலையாவது ஆட்டுவா. வேணாம்னா கத்திரி வைக்கக் கூடாது. பேனுக்குத்தான் மருந்து விக்குதே. கேட்டு முடிக்கற வரைக்கும் நான் இங்கியே குந்திக்கினு இருப்பேன்."

குந்திவிட்டேன். என் மகள் சடையைத் தரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவ்வளவு சத்தம்.

வார்டன் நல்ல பெண்தான். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். ஒருத்தி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். இன்னொருத்தி வேண்டாம் என்று தலையாட்டினாள், ஆட்டுவது பிடித்துப் போய் நிறுத்தவே இல்லை. அடுத்தது என் மகள்.

அவள் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தோளில் கையை வைத்துக் காட்டினாள். "இம்மாம். அக்கா மாதிரி."

அக்கா என்றால், கை கால் பயிற்சி கொடுக்க வருகிற பெண். தோளோடு வெட்டிய முடி. அவள் வந்தால் என் மகள் அவள் பின்னாலேயே சுற்றுவாள்.

"அடியே, ஒழுங்கா சொல்லு. சட வேணுமா, வேணாமா?" என்றேன்.

"வேணாம். கனம். வலிக்குது."

வார்டன் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னாம்மா, வெட்டலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொன்ன சொல்லை விழுங்கிப் பழக்கமில்லை.

"என்னை ஏன் கேக்கறீங்க? அவளைக் கேட்டாச்சில்ல?"

கத்திரி ஒரே கடியில் கடிக்கவில்லை, அவ்வளவு கனம். வெட்டி முடிந்ததும் என் மகள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். முடி கன்னத்தில் பட்டதும் ஒரு சிரிப்பு. கொடுத்த கண்ணாடியை அப்புறம் யாருக்கும் திருப்பித் தரவில்லை. மல்லாட்டையைக்கூட அதில் பார்த்துக்கொண்டுதான் தின்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சடை என் மடியில் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "சவுரியா?" என்றாள்.

"இல்லம்மா, எம்பொண்ணுது" என்றேன். "அவளே வெட்டச் சொன்னா."