இரண்டாம் பயணிக்குப் பிடித்தவை

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் குமட்டுகிற ஒருவருக்கு அப்படிப் பெயர் வைத்தது கேஷியர் அம்மாவின் குறும்பு. எனக்கு மட்டும் அவர் அக்கா.

சொகுசுப் படகை மாலுமிகளோடும் சமையற்காரரோடும் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, வெயில் கடலில் தீவு தீவாகச் சுற்றிவர ஆசைப்படுகிறவர்களுக்குப் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். எந்த மாதம் எந்த விரிகுடாவில் அலை அடங்கும், எந்தக் கரையில் விடியும்போது ஆமை ஏறும், எந்தத் துறையில் பக்கத்துப் படகின் பாட்டுச் சத்தம் தூங்கவிடாது என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. படகில் மட்டும் கால் வைத்ததில்லை.

"சும்மா கூட்டிட்டுப் போறேன்னாக்கூட நான் வரமாட்டேன்பா. வாந்தி எடுக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம பஸ்ஸே போதும்" என்பார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். யாரோ ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துகளை வாசிக்கிற குரல் நாள் முழுக்கப் படிக்கட்டு வழியாக ஏறிவரும். விமான டிக்கெட்டும் விசாவும் என் பொறுப்பு. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த கண்ணாடித் தடுப்பு. பேச்சு வராதவனுக்குத் தடுப்பு வசதி. பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. அப்பா படுக்கையில் விழுந்ததில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. அவர் போய்ச் சேர்ந்தபோது பேச்சை மறுபடி எடுக்க ஆளில்லை. அண்ணன் வீட்டில், அண்ணியின் தையல் மெஷினோடு ஓர் அறையைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தார். அண்ணி கெட்டவர் இல்லை. "என் நாத்தனார் ஊரையே தேனிலவுக்கு அனுப்பிட்டு வந்து ரசம் சாதம் சாப்பிடுறா" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிக்கக்கூடியவர், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பயணிகளின் பெயர் கடைசியில்தான் வரும். வசதியானவர்கள், தாங்கள் யாரோடு போகிறோம் என்பது வெளியே கசிவதை விரும்ப மாட்டார்கள். பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை முதல் பயணி, இரண்டாம் பயணி என்றுதான் பேச்சு. பெயரை முன்கூட்டிக் கேட்பது அநாகரிகம். பெயரைத் தவிர மற்றதையெல்லாம் கேட்போம். விடியும் முன்னே எழுகிறவரா, கட்டிலில் எந்தப் பக்கம், குளிர்ந்த தண்ணீர் ஆகுமா, கோபம் வந்தால் தனியாக உட்கார இடம் வேண்டுமா. அக்கா இதையெல்லாம் வைத்தியர் மாதிரிக் கேட்பார். அடுத்தவர் வாய்க்கு நம் நாக்கால் ருசி பார்க்கக்கூடாது என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம்.

லிஃப்ட்காரர் முதலில் எட்டு நண்பர்களுக்காகத்தான் அழைத்தார். கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டும் கம்பெனி வைத்திருந்தார். மனைவி விவாகரத்து வாங்கிப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. இரண்டும் அவராகச் சொன்னவை. பெரிய படகு பேசி முடித்த பிறகு ஒரு நாள் மறுபடி கூப்பிட்டார். இரண்டு கையாலும் தட்டச்சு செய்ய வசதியாக அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"எட்டுப் பேர் வேண்டாம் மேடம். ரெண்டே பேர். சின்னப் படகாப் பாருங்க."

"சரி சார். இரண்டாம் பயணிக்கு என்னெல்லாம் பிடிக்கும்?"

அவர், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றார்.

"எனக்கா சார்?"

"ஆமா. நீங்க போறதா இருந்தா எப்படிப் போடுவீங்களோ, அப்படியே போடுங்க. அது சரியா இருக்கும்."

அக்காவின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. அதற்குப் பிறகு அவருடைய அழைப்பை ஸ்பீக்கரில் போடவில்லை.

கேஷியர் அம்மாவின் காதில் பஞ்சா இருக்கிறது? "லிஃப்டை நம்பாதே கேப்டன். மேல ஏத்துற மாதிரி ஏத்திட்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும்."

"போங்கம்மா. நான் படியிலேயே ஏறிப் பழகினவ."

சொன்னாரே தவிர, முகம் படியில் ஏறுகிற முகமாக இல்லை. லிஃப்ட்காரர் தினமும் அழைத்தார். அக்கா காய்ச்சலில் வராத நாளன்று அழைப்பு என் மேசைக்கு வந்தது. "மேடத்துக்கு இப்ப எப்படி இருக்கு? டாக்டரைப் பார்த்தாங்களா?" என்று கேட்டார். மறுநாள் அதைச் சொன்னபோது அக்கா, "அப்படியா கேட்டார்? என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார்?" என்று என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

பயணம் உருவானது. இரண்டாம் பயணிக்குக் குமட்டும் என்பதால் ஆட்டம் குறைந்த, அடிப்பாகம் இரண்டாகப் பிரிந்த படகு. இரண்டாம் பயணி ஜன்னல் பக்கம் படுப்பார். காலையில் பூண்டு வாசனை கூடாது. இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் போதும். கடல் உள்வாங்கும்போது மட்டும் தலைகாட்டுகிற ஒரு மணல்திட்டில் இரண்டு நாற்காலி. மூன்றாம் நாள் பவளப்பாறைக்கு மேலே நீச்சல்.

ஒரு மாலை அக்கா படகின் சமையற்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "இரண்டாம் பயணிக்கு இருட்டுன்னா பயம் அண்ணே. நடைவழியில ஒரு விளக்கு விடிய விடிய எரியட்டும்."

மின்சாரம் போனால் எங்கள் அலுவலகத்தில் முதலில் டார்ச்சைத் தேடுகிற கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பிறகு அக்காவின் தலைமுடி காலை நேரங்களில் ஈரமாக இருக்க ஆரம்பித்தது. நீச்சல்குளத்து மருந்து வாசனை. பெண்களுக்கான நேரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே, பலகையைப் பிடித்துக் காலடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். "ஒரு வாண்டு கேட்குது தம்பி, 'ஆன்ட்டி, நீங்க ஃபெயிலாயிட்டீங்களா'ன்னு!" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஒரு நாள் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"பாஸ்போர்ட் காலாவதியாயிட்டா, புதுசு எடுக்க நாளாகுமா?"

"யாருக்குக்கா?"

"ஒருத்தங்களுக்கு." சொல்லிக்கொண்டே ஓர் உறையை நீட்டினார். உள்ளே அவருடைய புகைப்படங்கள். காது தெரியவேண்டும் என்பதற்காகக் கூந்தலை இழுத்துக் கட்டியதில், தண்டனைக்கு நிற்கும் சிறுமி போல இருந்தார்.

படங்களை உறைக்குள் திரும்பப் போட்டேன். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமேக்கா."

"கேட்டா அசிங்கமாயிடும் தம்பி. நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு? பேரு கடைசியிலதானே வரும். அவரா சொல்லட்டும்."

வேறு எந்தத் தொழிலில் இருந்திருந்தாலும் கேட்டிருப்பார். கேட்காமல் இருப்பதை மரியாதையாகப் பழகிய இடத்தில் பதினைந்து வருஷம் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் சொல்லிவிட்டார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

லிஃப்ட்காரர் நேரில் வந்த அன்று அக்கா நீல நிறத்தில் புது உடை போட்டிருந்தார். வந்தவரும் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். முன்வழுக்கை, கூச்சமான சிரிப்பு, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு. "லிஃப்ட் இல்லையே உங்க கட்டடத்துல" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். அக்கா தேநீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். பாஸ்போர்ட் வாங்குவது என் வேலை என்பதால் லிஃப்ட்காரர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு பாஸ்போர்ட்டை வைத்தார்.

இரண்டாவதைத் திறந்தேன். குட்டை முடி வைத்த ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். சிரிக்கக்கூடாத படத்திலும் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிவைத்திருந்தாள். அக்கா இரண்டு கோப்பைகளோடு வருவது தெரிந்தது. நான் பாஸ்போர்ட்டை மூடினேன். மூடி என்ன ஆகப்போகிறது.

"எங்க கம்பெனியில வரைபடம் போடுற பொண்ணு மேடம்" என்றார் அவர், எழுந்து நின்று, தானே ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு. "கம்பெனிப் பயணம்னு சொல்லித்தான் பாஸ்போர்ட்டையே வாங்கினேன். அங்க போய், அந்த மணல்திட்டுல வெச்சுத்தான் கேட்கப்போறேன். எனக்குப் பொண்ணுங்க மனசு பிடிபடாது. முதல் தடவை அப்படித்தான் கோட்டை விட்டேன். அதான் இந்தத் தடவை உங்க மனசை இரவல் வாங்கிக்கிட்டேன்."

அக்கா உட்கார்ந்தார். மற்றொரு கோப்பை கையிலேயே இருந்தது. தேநீர் தளும்பவில்லை, அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். பிறகு தன் வேலைக்குரலில், "அவங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"ஐயோ, தண்ணின்னாலே காத தூரம் ஓடுவா."

"அப்போ மூணாம் நாளை மாத்திடறேன். இடுப்பளவு ஆழத்துல நல்ல இடம் ஒண்ணு இருக்கு. இருட்டுன்னா பயமா?"

"சேச்சே. லிஃப்ட் குழிக்குள்ள டார்ச் இல்லாம இறங்குற ஆளு அது."

அக்கா போனை எடுத்து அங்கேயே சமையற்காரரை அழைத்தார். "அண்ணே, அந்த நடைவழி விளக்கு வேண்டாம். ஆமா. அவங்களுக்குப் பயமில்லையாம். அணைச்சிடுங்க."

லிஃப்ட்காரர் படியிறங்கிப் போனார். கீழே யாரோ எழுத்துகளைத் தப்புத்தப்பாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாஸ்போர்ட்டையும் என் பக்கம் நகர்த்தி, "விசாவுக்கு அனுப்பிடு" என்றார் அக்கா. பிறகுதான், "வீட்டுல சொல்லிட்டேன் தம்பி" என்றார்.

கேஷியர் அம்மா தன் கூண்டுக்குள்ளிருந்து எழுந்து வந்தார். "என்னன்னு சொன்னே?"

"ஒருத்தர் இருக்கார், பயணம் கூட்டிட்டுப் போறார், வந்ததும் அண்ணன்கிட்ட பேசுவார்னு. அண்ணி சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன். கட்டிப்பிடிச்சு அழுதாங்கம்மா. வைக்கோல் தொப்பி வாங்கிக் குடுத்தாங்க. அண்ணன் வாயே திறக்கல. பழைய பெட்டியை எடுத்துவெச்சு, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருந்தார்."

"நடந்ததைச் சொல்லிடுடி. உன் அண்ணிதானே? ஒண்ணும் சொல்லமாட்டா."

"ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அதை நினைச்சாத்தான் வீட்டுக்குப் போக முடியல."

படகு புறப்படுகிற நாளன்று அக்காவும் பெட்டியை இழுத்துக்கொண்டு புறப்பட்டார். அண்ணன் விமான நிலையம்வரை வருகிறேன் என்றாராம். அலுவலக வண்டி வரும் என்று அக்கா தடுத்துவிட்டாராம். சக்கரம் சத்தமே போடாமல் உருண்டு கேஷியர் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த அம்மா தனிக்கட்டை. மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது.

அந்த வாரம் தினமும் கையெழுத்துக்குக் காகிதங்களை எடுத்துக்கொண்டு நான் அங்கே போனேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார். திரும்பிப் போகும்போது முகம் கறுத்திருக்க வேண்டுமே. மூக்கு நுனி உரிந்திருந்தது. உண்மையான படகையும் அங்கிருந்தேதான் பார்த்துக்கொண்டார். காற்று திரும்பிவிட்டது என்று மாலுமி போனில் அழைத்தால் எந்தத் துறைக்குள் ஒதுங்கவேண்டும் என்று சொல்வார். அவர்கள் போய்ச் சேர்ந்ததும், கொஞ்ச நேரம் பொறுத்து அண்ணிக்கு அழைத்து, தானும் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்.

"எத்தனை நாளைக்குடி இந்த நாடகம்? திரும்பிப் போய் என்ன சொல்வே?" கேஷியர் அம்மா துணி காயப்போட்டபடி கேட்டார்.

"எல்லாம் யோசிச்சுட்டேன்மா. அஞ்சாம் நாள் ரெண்டு பேருக்கும் சண்டை வரும். இந்த ஆளு நமக்குச் சரிப்படமாட்டார்னு நான் வேண்டாம்னுடுவேன்." தொப்பி விளிம்பைத் தடவியபடி, "நான் வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும்மா" என்றார்.

கேஷியர் அம்மா ஈரத்துணியை உதறிக்கொண்டே இருந்தார். உதறத் தேவையில்லாத சின்னத் துணி அது.

ஐந்தாம் நாள் நான் போனபோது மாலுமியின் அழைப்பு வந்து முடிந்திருந்தது. மணல்திட்டில் நாற்காலி போட்டாகிவிட்டது, அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டாள், இருவரும் கைகோத்து நிற்கிறார்கள். சந்தோஷமான செய்தி என்று மாலுமி சொல்லியிருக்கிறார். சமையற்காரர் கேக் செய்யவா என்று கேட்டிருக்கிறார். "செய்யுங்கன்னு சொன்னேன்" என்றார் அக்கா.

பிறகு அண்ணிக்கு அழைத்தார். சண்டையைச் சொல்லவேண்டிய அழைப்பு. முகத்தை அதற்கேற்ப இறுக்கிக்கொண்டதைக்கூடப் பார்த்தேன். எடுத்தது அண்ணன் மகள். அந்தக் குழந்தையின் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"அத்தை! கடல் இப்ப எப்படி இருக்கு?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். எதிர்வீட்டுச் சுவர், கம்பியில் எங்கள் இருவருக்கும் நடுவே ஆடுகிற போர்வை, வெயில்.

"ரொம்ப அமைதியா இருக்கும்மா. அடியில இருக்கிற மணல்கூடத் தெரியுது."

"மாமாகிட்ட போனைக் குடு அத்தை. நான் பேசணும். அம்மா பேசச் சொன்னாங்க."

அக்கா போனைக் காதிலிருந்து இறக்கினார். அவர் கண் என்மேல் வந்து நின்றது. போனை வாங்க என் கை தானாகப் பாதிவரை எழுந்தது. அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

"மாமா தூங்குறாரும்மா" என்றார் போனில், எழுப்பிவிடக்கூடாதவர் பக்கத்தில் இருப்பது போல மெதுவாக. "வெயில்ல ரொம்ப நேரம் நீந்தினார்ல? அசந்துட்டார்."

போனை வைத்ததும் கேஷியர் அம்மா படியில் நின்றபடியே கேட்டார். "இன்னைக்குச் சண்டைன்னியேடி?"

அக்கா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். முகத்தில் பாதி மறைந்துவிட்டது.

"நாளைக்கு வெச்சுக்கலாம்மா" என்றார். "இன்னைக்குக் கடல் நல்லா இருக்கு."